முகம் திருப்பாத கருணை

கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்த திருமழபாடியில் ஈசனுக்கு வைத்தியநாதர் என்று திருநாமம். அம்பிகை சுந்தராம்பிகை. மூவராலும் பாடல் பெற்ற தலம் இது. பங்குனியில் நந்தியெம்பெருமானுக்குத் திருமணம் நடக்கும்போது, தென்கரையிலுள்ள திருவையாற்றிலிருந்து ஐயாறப்பர் ஆற்றைக் கடந்து எழுந்தருளுவார். அரியலூர் மாவட்டத்துத் திருமானூர்ப் பகுதி மக்களுக்கு அது தம் வீட்டுக் கல்யாணம். பிணி தீர்க்கும் பெருமானை நாடி ஆண்டு முழுவதும் அங்கே அடியார்கள் வந்துகொண்டே இருப்பர்.

அந்தத் திருமானூரை அடுத்த விரகாலூரில், 2023 அக்டோபர் 9, திங்கட்கிழமை காலையில் ஒரு பட்டாசு ஆலை வெடித்துச் சிதறியது. தீபாவளிக்கு ஒரு மாதமே இருந்தது. பத்துப் பேருக்கு மேல் உயிரிழந்தனர். காயமுற்றோரில் பலர் கொள்ளிடப் பாலத்தைக் கடந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஐயாறப்பர் மணக்கோலம் காண வடக்கு நோக்கிக் கடக்கும் ஆற்றை, அன்று வெந்த உடல்கள் தெற்கு நோக்கிக் கடந்தன. இறந்தோர் குடும்பத்துக்கு 3 லட்சம் ரூபாயும், பலத்த காயமடைந்தோருக்கு 1 லட்சமும், இலேசான காயமுற்றோருக்கு 50,000-மும் மாநில அரசு நிவாரணமாக அறிவித்தது. இரண்டு நாள் முன்னர்தான், அக்டோபர் 7 அன்று, கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை தீப்பிடித்து, பண்டிகைக்கால வேலைக்குச் சென்றிருந்த தமிழக இளைஞர்கள் பலர் மாண்டிருந்தனர். அந்தத் துயரம் ஆறுவதற்குள் இந்தத் துயரம்.

வாணவேடிக்கை இல்லாத திருவிழாவை நம் ஊர்களில் எண்ணிப் பார்ப்பதே அரிது. தேர் நிலைக்கு வரும்போதும், தெப்பம் சுற்றும்போதும், அம்மன் வீதியுலா எல்லையைத் தொடும்போதும் கூட்டம் முழுவதும் வானத்தை அண்ணாந்து பார்க்கும். அந்த ஒளிப்பூ ஒவ்வொன்றும் எங்கோ ஒரு கொட்டகையில், நாள்கூலிக்கு வந்த ஒருவரின் விரல்களுக்கிடையே உருவானது. மருந்தைக் கலப்பவர், செலுத்துபவர், திரி வைப்பவர் என்று அந்தக் கைகள் பல. ஓர் உராய்வு போதும், அந்தக் கைகளே திரியாகிவிட. அவர்கள் செய்தது நம்முடைய திருவிழாவுக்கும் நம்முடைய தீபாவளிக்கும். ஆகவே அந்தத் துயரம் செய்தித்தாளில் வந்த அயலார் துயரம் என்று கோயிலுக்குச் செல்லும் குடும்பம் ஒதுங்கிவிட இயலாது.

தீப்புண் மற்றப் புண்களைப் போன்றதன்று. உடலின் உறுப்புகளில் பரப்பால் பெரியது தோல். உடலின் நீர் வெளியேறாமல் காப்பதும், வெப்பத்தை நிலைநிறுத்துவதும், கிருமிகளை வாசலிலேயே தடுத்து நிறுத்துவதும் அதன் பணி. அதனைத் தீ பறித்துவிட்டால் உடல், கதவும் கூரையும் போன வீடு. மருத்துவர்கள் வெந்த பரப்பை விழுக்காட்டில் கணக்கிடுவர். ஒரு கை முழுவதும் 9, ஒரு கால் முழுவதும் 18, உடலின் முன்புறம் 18, பின்புறம் 18, தலையும் கழுத்தும் சேர்ந்து 9. நோயாளியின் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து ஏறத்தாழ 1 விழுக்காடு. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் காத்திருக்கும் உறவினர் அந்த ஓர் எண்ணைப் பற்றிக்கொண்டே இரவுகளைக் கழிப்பர். எண் சிறியதாக இருந்தால் குலதெய்வத்துக்கு நன்றி. பெரியதாக இருந்தால் புதியதொரு வேண்டுதல்.

அவர்களை மிகவும் ஏமாற்றும் ஓர் உண்மை இதில் உண்டு. மேலோட்டமாக வெந்த இடமே கடுமையாக வலிக்கும். ஆழமாக வெந்த இடத்தில் வலியை உணர்த்தும் நரம்பு முனைகளும் அழிந்துபோவதால் அங்கே வலி தெரியாது. ஆகவே உடலில் பெரும்பகுதி வெந்தவர், முதல் நாளில் தெளிவாகப் பேசுவதுண்டு. வீட்டில் மாட்டுக்குத் தீவனம் வைத்தாயிற்றா என்று கேட்பார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்வார். "நன்றாகத்தானே பேசுகிறார்" என்று குடும்பம் மூச்சு விடும். பிறகு நீரிழப்பும், சிறுநீரகத்தின் தளர்ச்சியும், நோய்த்தொற்றும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். மூன்றாம் நாளோ பத்தாம் நாளோ அவரை இழந்த குடும்பத்துக்கு, அந்த முதல் நாளின் பேச்சே வாழ்நாள் முழுவதும் காதில் ஒலித்துக்கொண்டிருக்கும். இதை அறியாத அயலார், "பேசிக்கொண்டிருந்தவர் எப்படிப் போனார், சரியாகக் கவனிக்கவில்லையா?" என்று கேட்டு அந்தப் புண்ணைக் கிளறுவர்.

தீக்காயப் பிரிவுகளில் நோயாளியை வாழையிலையின்மீது கிடத்துவது நம் நாட்டில் நெடுநாளாக உள்ள வழக்கம். வெந்த உடல் துணியில் ஒட்டிக்கொள்ளும். துணியை எடுக்கும்போது புதிய சதையும் சேர்ந்து வரும். வாழையிலை ஒட்டாது, குளிர்ச்சியும் தரும். மும்பை மருத்துவர்கள் இதனை ஆராய்ந்து, கட்டுப்போடுவதற்கும் வாழையிலை ஏற்றது என்று கண்டனர். சுவாமிக்கு நைவேத்தியம் படைக்கும் இலை, வெந்த உடலைத் தாங்கும் படுக்கையுமாகிறது.

பிழைத்து எழுந்தவரின் துன்பம் வேறு வகையானது. ஆறிய தோல் தடித்துச் சுருங்கும். கழுத்து மார்போடு இழுபடும்; விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும்; உறங்கவிடாமல் அரிக்கும். தழும்பை அமுக்கிவைக்கும் இறுக்கமான உடையை நாளின் பெரும்பகுதி, மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கு மேலும் அணிந்திருக்க வேண்டும். அரியலூரின் வெயிலில் அது எளிய காரியமன்று. இந்தியாவில் ஆண்டுதோறும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மிதமான அல்லது கடுமையான தீக்காயத்துக்கு உள்ளாகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. உலகெங்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,80,000 பேர் தீக்காயத்தால் மடிகின்றனர். நம் பகுதியில் அவர்களுள் பெண்கள் மிகுதி. அடுப்படியில் நேர்ந்தவை சில. அடுப்படியில் நேர்ந்ததாகச் சொல்லப்பட்டவை சில.

இத்தகைய வீட்டுக்குச் செல்வோர், நல்ல மனத்தோடுதான் என்றாலும், ஒரு சொல்லைச் சொல்லிவிடுகின்றனர்: "எல்லாம் அவரவர் வினை." நீற்றறைக்குள் ஏழு நாள் இருந்தும் நாவுக்கரசர் வேகவில்லை, பிரகலாதனைத் தீ சுடவில்லை, இவற்றைக் கேட்டு வளர்ந்த நெஞ்சுக்குள் சொல்லாத ஒரு கேள்வியும் எழும். அப்படியானால் வெந்தவருக்குப் பக்தி போதவில்லையா? அந்தக் கேள்வி எவ்வளவு கொடியது என்பது, படுக்கையில் கிடப்பவரின் தாய்க்குத்தான் தெரியும். அவளும் வெள்ளிக்கிழமை தோறும் விளக்கேற்றியவள்தான்.

நாவுக்கரசரின் வரலாற்றையே முழுமையாக நினைத்துப் பார்த்தால் விடை தெரியும். நீற்றறையில் வேகாத அவரே அதற்கு முன்னர்ச் சூலை நோயால் துடித்தவர். அந்த நோயின் கொடுமைக்கு வடவைத்தீயையும் நஞ்சையும் வச்சிரத்தையும் சேக்கிழார் உவமை கூறுகிறார். உடனிருந்தோர் கைவிட்டனர். திலகவதியார் தம்பியிடம் எந்த வினையையும் கணக்குக் கேட்கவில்லை. திருநீறு அளித்துத் திருவதிகைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். வினை என்பது தன்னைத் தானே திருத்திக்கொள்வதற்குச் சொல்லப்பட்ட தத்துவம். பிறருடைய புண்ணைப் பார்த்துச் சொல்வதற்கு அதை யாரும் நமக்குக் கொடுக்கவில்லை.

பெரியபுராணத்தில் இன்னொரு வரலாறு இதற்கு மிக அண்மையில் வருகிறது. சாத்தமங்கையில் வாழ்ந்த திருநீலநக்க நாயனார் ஒருநாள் மனைவியாரோடு அயவந்தி ஈசனை வழிபட்டார். அப்போது ஒரு சிலந்தி சிவலிங்கத்தின்மீது விழுந்தது. பதறிப்போன அம்மையார், தம் குழந்தையின்மேல் விழுந்தால் ஒரு தாய் என்ன செய்வாளோ அதையே செய்தார். வாயால் ஊதி, எச்சில் படத் துமிந்து, சிலந்தியைப் போக்கினார். நாயனாருக்குக் கோபம் மூண்டது. திருமேனியில் எச்சில் படலாமா? மனைவியைத் துறந்துவிட்டதாகச் சொல்லி வீட்டுக்குப் போய்விட்டார். அம்மையார் கோயிலிலேயே தங்கினார். அன்றிரவு நாயனாரின் கனவில் இறைவன் தோன்றித் தன் மேனியைக் காட்டினான். அம்மையார் ஊதிய இடம் மட்டும் நலமாக இருந்தது. மற்ற இடமெல்லாம் கொப்புளம்.

கொப்புளம் நிறைந்த திருமேனியைக் கண்ட நாயனார் எழுந்து கூத்தாடினார், பாடினார், அழுதார். விடிந்ததும் கோயிலுக்குச் சென்று மனைவியாரை வீட்டுக்கு அழைத்துவந்தார். அவர் ஆசாரத்தில் குறையுள்ளவர் அல்லர். ஆகம முறை பிறழாத பூசைக்குப் பெயர்பெற்றவர். ஆயினும் புண்பட்ட மேனிக்கு என்ன வேண்டும் என்பது அவருக்கு முன் அவர் மனைவிக்குத் தெரிந்திருந்தது.

தீக்காயப் பிரிவுக்குள் நுழைவோருக்கு முதலில் எதிர்ப்படுவது அங்கே நிலவும் வாடை. அடுத்து, அடையாளம் தெரியாமல் வீங்கிப்போன முகம். கால் பின்வாங்கும், கண் தானாகவே சுவரைப் பார்க்கும். படுத்திருப்பவர் அதை ஒரு நொடியில் கண்டுகொள்வார். பிழைத்துத் திரும்பிய பின்னும் அது தொடரும். பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும். மங்கல நிகழ்ச்சியில் ஆரத்தி எடுக்க வேறொருத்தியை அழைப்பர். புகைப்படத்துக்கு நிற்கும்போது யாரும் ஒன்றும் சொல்லாமலே அவர் ஒதுங்கிக்கொள்வார். கோயில் வரிசையில் ஒரு குழந்தை உற்றுப் பார்க்கும். தாய் அதன் தலையைத் திருப்பி விடுவாள். குழந்தையின் பார்வை புண்படுத்துவதில்லை. தாயின் அந்தக் கைதான் புண்படுத்தும். "அத்தைக்கு வணக்கம் சொல்" என்று குழந்தையிடம் சொல்லியிருந்தால் போதுமே!

தீயைப் பற்றிய நினைவு பெரம்பலூர்ப் பக்கத்திலும் ஒரு கோயிலோடு கலந்து கிடக்கிறது. அரியலூரும் பெரம்பலூரும் ஒரே மாவட்டமாக இருந்து 2007-இல் பிரிந்தவை. பெரம்பலூரிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள சிறுவாச்சூரில் மதுரகாளியம்மன் வீற்றிருக்கிறாள். வாரத்தில் திங்களும் வெள்ளியும் மட்டுமே அங்கு வழக்கமான தரிசனம்; மற்ற நாள்களில் அன்னை பெரியசாமி மலையில் இருப்பதாக ஐதிகம். அடியார்கள் கோயில் வளாகத்திலேயே அரிசியை இடித்து மாவிளக்கு இடுவர். மதுரையை எரித்த கண்ணகியே சினம் தணிய இங்கு வந்து அமைதி கொண்டாள் என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லிவரும் கதை.

அந்தக் கண்ணகி, மதுரையை எரிக்கத் தீக்கடவுளை ஏவியபோதும் ஒரு கட்டளை இட்டாள் என்கிறது சிலப்பதிகாரம். அறவோரையும், பசுக்களையும், பத்தினிப் பெண்களையும், முதியோரையும், குழந்தைகளையும் விட்டுவிட வேண்டும் என்பது அந்தக் கட்டளை. கணவனை இழந்து, நீதியும் இழந்து, எரிமலையாக நின்ற ஒருத்தியின் நெஞ்சில் குழந்தைகளுக்கு இடம் இருந்தது. மனிதரின் கவனக்குறைவால் பிறக்கும் தீக்கு அப்படிக் கட்டளையிட யாரும் இல்லை. அரியலூர் மாவட்டத்திலிருந்து கொள்ளிடத்தைக் கடந்தால் வரும் கும்பகோணத்தில், 2004 ஜூலை 16 அன்று ஒரு பள்ளியின் கீற்றுக்கூரை பற்றி எரிந்தது. சத்துணவு சமைக்கும் இடத்தில் தொடங்கிய தீ அது. மாண்ட குழந்தைகள் 94 பேர். ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில் பெற்றோர் அந்தப் பள்ளியின் முன் பிள்ளைகளின் படங்களை வைத்து, மாலையிட்டு, அவர்களுக்குப் பிடித்த தின்பண்டங்களைப் படைத்து அழுகின்றனர். இருபது ஆண்டுகள் கடந்தும் அது நிற்கவில்லை. நின்றுவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் முறையன்று.

தீயால் இறந்தோர் வீட்டுத் துக்கத்தில் ஒரு தனிக் கொடுமை உள்ளது. நம் மரபில் இறுதியாக முகம் பார்த்து, வாய்க்கரிசி இட்டு வழியனுப்புகிறோம். வெந்து மடிந்தவரின் உடல் பெரும்பாலும் வெள்ளைத் துணியில் சுற்றிக் கட்டப்பட்டே வீடு வரும். வெடிவிபத்தில் கருகியவரை அடையாளம் காண்பதே பெரும்பாடு. முகத்தைக் காணாத தாய்க்கு, மகன் இறந்தான் என்பதை மனம் ஏற்பதற்கே காலம் பிடிக்கும். வாசலில் காலடி ஓசை கேட்டால் எழுந்து பார்ப்பாள். அந்த வீட்டில், "எப்படி நடந்தது? முகம் தெரிந்ததா?" என்று விசாரிப்பதைப் போன்ற இரக்கமின்மை வேறில்லை. சோறு கொண்டுபோய் வைத்து, பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். கருமாதி வரை ஊரே வரும். அதன் பிறகு வரும் முதல் தீபாவளியன்று, தெருவெங்கும் வெடிச்சத்தம் கேட்கும்போது, அந்த வீட்டுத் திண்ணையில் யாராவது ஒருவர் இருந்தால் நன்று. கோயிலில் மோட்ச தீபம் ஏற்றுவோர், இறந்தவரின் பெயரைத் தாயின் வாயாலேயே சொல்லச் செய்து ஏற்றலாம். அந்தப் பெயரைப் பிறர் கேட்கச் சொல்வதற்கு அவளுக்கு வேறு வாய்ப்பு அதிகம் கிடைப்பதில்லை.

கோயிலிலும் வீட்டுப் பூசையறையிலும் நாள்தோறும் நெருப்போடு பழகுகிறோம். ஆகவே ஒன்றை நினைவில் கொள்வது அவசியம். நெய்விளக்கு வரிசையில் முந்தானை பற்றிக்கொண்டால் ஓடக்கூடாது; ஓடினால் தீ வளரும். தரையில் படுத்து உருள வேண்டும். தீ அணைந்ததும் வெந்த இடத்தைக் குழாயில் ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பனிக்கட்டி கூடாது. வளையல், மோதிரங்களை வீக்கம் தொடங்குமுன் கழற்றிவிட வேண்டும். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்கக் கூடாது. இட்லி மாவு, பேனா மை, பற்பசை, மஞ்சள் ஆகியவற்றை எவ்வளவு அன்போடு பூசினாலும் தீங்குதான். மருத்துவர் அவற்றைச் சுரண்டி எடுத்த பிறகே புண்ணைப் பார்க்க முடியும். சுத்தமான துணியால் மூடி, 108-ஐ அழைக்க வேண்டும். கொப்புளத்தை உடைக்கலாகாது.

கண் தானம் என்றால் கண்ணப்பரை நினைவுகூரும் குடும்பங்கள் இன்று பல உள்ளன. தோல் தானத்தைப் பற்றி அறிந்தோர் மிகச் சிலரே. உடலில் பெரும்பகுதி வெந்தவருக்கு, எடுத்து ஒட்டுவதற்குத் தம் உடலிலேயே நல்ல தோல் போதாது. அப்போது இறந்தோர் அளித்த தோலைக் கொண்டு புண்ணை மூடுவர். அது நிலையாகத் தங்குவதில்லை. சில வாரங்களில் உதிர்ந்துவிடும். அதற்குள் நீரிழப்பும் நோய்த்தொற்றும் குறைந்து, நோயாளியின் சொந்தத் தோல் தயாராக அவகாசம் கிடைக்கும். அந்தச் சில வாரங்களில்தான் உயிர் நிற்பதும் போவதும். இறந்த 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். குருதி வகை பொருந்த வேண்டுவதில்லை. முதியோரும் அளிக்கலாம். மஞ்சள் காமாலைக் கிருமி, எய்ட்ஸ், தோல் புற்றுநோய் போன்றவை உள்ளவரிடமிருந்து எடுப்பதில்லை. எடுப்பது மேல்தோலின் மெல்லிய ஏடு மட்டுமே. அதனைக் கிளிசரினில் 5 ஆண்டு வரை பாதுகாப்பர். உடல் உருக்குலையுமோ, இறுதிச் சடங்குக்கு இடையூறாகுமோ என்ற அச்சம் வேண்டா. எடுப்பது தொடையிலிருந்தும் காலிலிருந்தும் முதுகிலிருந்தும்தான், முகத்தைத் தொடுவதில்லை. கட்டுப்போட்டு, வேட்டியோ புடவையோ உடுத்திவிட்டால் தெரியாது.

தொடையிலிருந்து என்றதும் சோழ மண்ணைச் சேர்ந்தவருக்கு ஒரு பெயர் நினைவுக்கு வரும். அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில் அரசிருந்த சோழர், சிபிச் சக்கரவர்த்தியின் வழிவந்தோர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டனர். செம்பியன் என்ற பட்டமே அதனால் வந்தது. பருந்துக்கு அஞ்சித் தஞ்சமடைந்த புறாவுக்காகச் சிபி தன் தொடைச் சதையை அரிந்து துலாக்கோலில் வைத்தான். எவ்வளவு வைத்தும் புறாவின் தட்டு உயரவில்லை. இறுதியில் தானே ஏறி அமர்ந்தான். பருந்தாக வந்தவன் இந்திரன் என்பது பலருக்குத் தெரியும். புறாவாக வந்தவன் அக்கினி.

தோல் தானத்துக்கு உறுதிமொழிப் படிவம் எழுதி வைப்பது நல்லது. ஆனால் இறப்பு நேர்ந்தபின் ஒப்புதல் அளிக்க வேண்டியவர் குடும்பத்தாரே. ஆகவே வீட்டுப் பெரியவர் தம் விருப்பத்தைப் பிள்ளைகளிடம் ஒரு நல்ல நாளிலேயே சொல்லிவிட வேண்டும். இது அபசகுனப் பேச்சன்று. தோல் வங்கி சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இயங்குகிறது. 6 மணி நேரம் என்பது மிகக் குறுகிய காலம். பெரம்பலூரிலிருந்தோ அரியலூரிலிருந்தோ சென்னைக்கு நான்கைந்து மணி நேரப் பயணம். எனவே அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் இதற்கு என்ன ஏற்பாடு உள்ளது என்று முன்கூட்டியே கேட்டறிந்து, அந்தத் தொலைபேசி எண்ணைப் பூசையறையில் பஞ்சாங்கம் தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி வைக்கலாம்.